ஜெர்மன் ராணுவக் குறுவாள்: தயாரிப்பாளர் முத்திரையைப் படிக்கும் முறை

ஹிட்லர் கால ஜெர்மன் குறுவாள் ஒன்று விற்பனைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் தேடுவது அலகிலுள்ள முத்திரையைத்தான். தேட வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். முத்திரையைப் பின்னாளில் எவரும் சேர்த்துவிடலாம். அது சொல்லும் காலமும் இடமும் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை.

தரைப்படை அதிகாரிகளுக்காக 1935இல் அறிமுகமான குறுவாளை இங்கே எடுத்துக்கொள்வோம். விமானப்படையின் 1937 மாதிரிக்கும் கடற்படையின் 1938 மாதிரிக்கும் இதே முறைதான்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய எல்இடி டார்ச், பருத்திக் கையுறை, கிட்டத்தில் படம் பிடிக்கும் கேமரா. உலோக பாலிஷ், உப்புத்தாள், கம்பித் தேய்ப்பான் எதையும் அருகில் வைக்க வேண்டாம். ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே மெல்லிய கோடுகள் மழுங்கிவிடும். அப்புறம் அது அசலா போலியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 1: உருவுதல்

கையுறை போட்டுக்கொண்டு, உறையை ஒரு கையில் பிடித்து அலகை நேராக இழுங்கள். இறுக்கமாக இருந்தால் திருகாதீர்கள். திருகினால் உறை வாயிலிருக்கும் தகடு அலகில் நீளக் கீறல் போட்டுவிடும். வெறும் விரல் பட்டால் வியர்வை உப்பால் துருப் பிடிக்கும்.

படி 2: இடம் கண்டுபிடித்தல்

தரைப்படைக் குறுவாளின் கைக்காப்பில், அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் துண்டில், கழுகு உள்ள பக்கம் முன்பக்கம். குறுவாளைத் திருப்பிப் பிடியுங்கள். கைக்காப்பிலிருந்து அலகு வெளிவரும் இடத்தை ஒட்டிய முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில்தான் முத்திரை இருப்பது வழக்கம். சில அலகுகளில் முத்திரையே இருக்காது. அதனால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

படி 3: ஒளி

டார்ச்சை நேர் மேலே பிடித்தால் அலகு பளபளத்துக் கண் கூசும், எழுத்து தெரியாது. பக்கவாட்டில், அலகோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், முனைப்பக்கம் என மூன்று திசையிலிருந்தும் ஒளி பாய்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொரு திசையில் தெரியும்.

படி 4: முத்திரை எப்படிப் பதிந்தது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இந்தக் குறுவாள்களில் பெரும்பாலும் அமிலத்தால் அரித்து முத்திரை பதித்தார்கள். லூப்பில் பார்த்தால் பள்ளத்தின் அடிப்பகுதி மங்கலாக, ஒரே ஆழத்தில் இருக்கும். ஓரத்தில் உலோகம் மேலெழும்பி நிற்காது. அச்சால் அடித்த குறி வேறு மாதிரி. உலோகம் ஒதுங்கி, ஓரத்தில் மெல்லிய கரை எழும்பும். துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டுகளில் காண்பது இதைத்தான்.

லேசரில் பொறித்தால் பள்ளத்துக்குள் ஒரே இடைவெளியில் ஓடும் நுண்கோடுகளும் சில சமயம் கருகிய நிறமும் தெரியும். சுழலும் ஊசியால் செதுக்கியிருந்தால் வளைவுகளில் நடுங்கிய தடம் இருக்கும். வார்ப்பு அலகு என்றால் எழுத்தின் மூலைகளெல்லாம் உருண்டு, பக்கத்திலேயே ஊசிமுனைத் துளைகள் இருக்கும்.

அலகில் நிக்கல் முலாம் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. முலாம் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். முத்திரை முலாமைக் கிழித்துக்கொண்டு போயிருந்தால் அது பின்னாளில் சேர்த்ததாக இருக்கலாம். அலகு முழுக்கத் தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்றுப் பதித்தது போலக் கூராக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

படி 5: யாருடைய முத்திரை?

பெரும்பாலான முத்திரைகளில் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயர் இருக்கும். ஜெர்மனியின் மேற்கே வுப்பர் ஆற்றங்கரையில் உள்ள நகரம் அது. பல நூற்றாண்டுகளாக வாளும் கத்தியும் செய்யும் ஊர். 1938 முதல் அந்தப் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பே உண்டு. அதனால் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஊர்ப் பெயரிலேயே ஓர் எழுத்து விடுபட்ட போலிகள் உலவுகின்றன.

அடுத்து, படம். வாளேந்திய அணில் என்றால் கார்ல் ஐக்ஹார்ன். வீரனின் தலைக்கவசம் டபிள்யூ.கே.சி., அதாவது வயர்ஸ்பெர்க், கிர்ஷ்பௌம் என்ற இரு நிறுவனங்கள் 1883இல் இணைந்து உருவானது. வெப்பமானி எஃப்.டபிள்யூ. ஹோலர். எதிரெதிரே நிற்கும் இரு கொக்குகள் ராபர்ட் கிளாஸ். சாய்சதுரத்துக்குள் பூமாவின் தலை, பூமா நிறுவனம்.

தராசும் ‘அல்கோசோ’ என்ற பெயரும் இருந்தால் அலெக்சாண்டர் கோப்பல் நிறுவனம். அது ஒரு யூதக் குடும்பத்தின் சொத்து; நாஜி ஆட்சி அதை அவர்கள் கையிலிருந்து பறித்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோப்பல் 1942இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிரிழந்தார். இந்த முத்திரையைப் பட்டியலில் ஏற்றும்போது இதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

ஒரே நிறுவனம் காலத்துக்குக் காலம் படத்தை மாற்றியிருக்கிறது. ஐக்ஹார்ன் அணிலின் நிற்கும் விதமும் சுற்றியுள்ள வளையமும் மாறியிருக்கின்றன. ஆகவே ‘அணில்தான்’ என்று அதோடு நிறுத்தாமல், எந்த அணில் என்று நம்பகமான படங்களோடு ஒப்பிடுங்கள்.

படி 6: துறை பொருந்துகிறதா?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வட்டத்துக்குள் ஆர்.இசட்.எம். என்ற எழுத்துகளும், எம்7/66 போன்ற எண்ணும் இருந்தால் அது நாஜிக் கட்சியின் கொள்முதல் அமைப்பு தந்த குறியீடு. எம்7 என்பது குறுவாள் வகை. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது தயாரிப்பாளர் எண். 66 ஐக்ஹார்ன், 27 பூமா, 33 ஹோலர். கட்சி அமைப்புகளின் குறுவாள்களிலும் ஹிட்லர் இளைஞர் கத்தியிலும் இது வரும். 1935–36 மாற்றக் காலத்தில் நிறுவனப் படமும் இந்த எண்ணும் ஒரே அலகில் சேர்ந்தே வந்ததுண்டு. ஆனால் தரைப்படைக் குறுவாள் கட்சி வழியாக வந்ததல்ல. அதில் இந்தக் குறி தென்பட்டால் அலகு மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது முழுப் பொருளே போலியாக இருக்கலாம்.

பயனெட்டுகளில் 1940 வாக்கில் முழுப் பெயர் போய் மூன்றெழுத்துக் குறியீடு வந்தது: சி.ஓ.எஃப். ஐக்ஹார்ன், சி.வி.எல். டபிள்யூ.கே.சி., ஏ.எஸ்.டபிள்யூ. ஹோர்ஸ்டர் என்ற இன்னொரு சோலிங்கன் நிறுவனம். அலகின் வரிசை எண்ணும் உறையின் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் மதிப்பு கூடும்.

படி 7: மற்ற பாகங்கள்

போர் முடிந்த பின் மிஞ்சிக் கிடந்த பாகங்களைக் கோத்து அமெரிக்க வீரர்களுக்கு விற்றார்கள். அப்படிப்பட்டதில் முத்திரை அசல், குறுவாள் கலவை. அலகுக்கும் கைக்காப்புக்கும் நடுவே தோல் வளையம் இருக்கிறதா, பாகங்களின் தேய்மானம் ஒரே அளவில் இருக்கிறதா, பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். பிடியின் நுனியிலுள்ள தலைக்குமிழைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். இடுக்கி போட்டால் உலோகத்தில் பல் பதியும், பழைய பிளாஸ்டிக் பிடி வெடிக்கும். கையால் திருப்பி வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

விற்பவரிடம் படம் கேட்கும்போது ‘முத்திரை, பக்கவாட்டு ஒளியில், கைக்காப்பும் தெரியும்படி’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். முத்திரையை மட்டும் வெட்டி அனுப்பிய படம் எந்த அலகிலிருந்தும் வந்திருக்கலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன், 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுத இறக்குமதிக்கு உரிமம் தேவை என்பதை நினைவில் வைத்து, தங்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.