லைட் குரூப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு எல்இடி பார் (PAR) லைட்டுகளை ட்ரஸ் என்ற உலோகச் சட்டத்தில் மாட்டியாயிற்று, கேபிள் இழுத்தாயிற்று, லேப்டாப்பில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் குரூப்பும் போட்டாயிற்று. இடதிலிருந்து வலதுக்கு நிறம் ஓடட்டும் என்று ஒரு சேஸை (லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் எஃபெக்ட்) தட்டினால், மூன்றாவது லைட் எரிகிறது, அடுத்து ஏழாவது, அப்புறம் இரண்டாவது. எல்லோரும் முதலில் கேபிளைச் சந்தேகிப்பார்கள், பிறகு லைட்டை. பெரும்பாலும் இரண்டிலும் கோளாறு இருக்காது. மேடையில் லைட்டுகள் தொங்கும் வரிசை ஒன்று, குரூப்புக்குள் நிற்கும் வரிசை இன்னொன்று. அவ்வளவுதான்.

மேடை லைட்டுகளை இயக்க இலவசமாகக் கிடைக்கும் க்யூஎல்சி பிளஸ் சாஃப்ட்வேரை வைத்தே சொல்கிறேன். அதில் ஃபிக்ஸ்சர் (அதாவது லைட்) குரூப் என்பது வெறும் பட்டியல் இல்லை, கட்டங்கள் போட்ட ஒரு பலகை. நிறங்களை ஓடவிடும் ஆர்ஜிபி மேட்ரிக்ஸ் எஃபெக்ட் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஓடும். லைட்டுகளை மொத்தமாகச் சேர்த்தால் பட்டியலில் இருக்கும் வரிசைப்படியே கட்டங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரிசை எங்கிருந்து வந்தது? எந்தப் பெட்டியை முதலில் திறந்தார்கள், லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதிலிருந்து. மேடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்காக ஏணி போட்டு ஏறி லைட்டின் அட்ரஸை (கட்டளையைக் கேட்க அதற்குக் கொடுத்த எண்) மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு லைட்டாக எரியவிட்டு, மேடையில் எது எரிகிறது என்று பார்த்து, அதை அதற்குரிய கட்டத்துக்கு நகர்த்தினால் போதும். ஒரே ஒரு சீன்கூட (சேமித்துவைக்கும் லைட் அமைப்பு) எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். இன்னொன்று: நடுவில் எல்இடி திரை இருந்து, அதன் அகலத்துக்கு லைட் இல்லை என்றால், அங்கே இரண்டு கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். நிறம் திரைக்குப் பின்னால் கடந்துபோய் அந்தப் பக்கம் வெளிவருவதுபோல இருக்கும். கட்டங்களை நெருக்கிப் போட்டால் அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கும்.

கிராண்ட்எம்ஏ மாதிரி பெரிய கன்சோல்களிலும் இதே கதைதான். லைட்டுகளை எந்த வரிசையில் தேர்ந்தெடுத்துக் குரூப்பைச் சேமித்தீர்களோ, அந்த வரிசை குரூப்போடு சேர்ந்தே பதிவாகும். சரசரவென்று கைக்கு வந்தபடி தொட்டுச் சேமித்தால், பிறகு மதிப்புகளை லைட்டுக்கு லைட் படிப்படியாக மாற்றி விசிறிபோல விரிக்கும்போது அது காட்டிக்கொடுக்கும். 'இடது' என்றால் யாருடைய இடது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மேடை இடது என்பது பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது. மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு அது வலது கைப் பக்கம்.

குரூப்புக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, மோட். லைட் எத்தனை சேனல்களில் (தனித்தனியாக ஏற்றி இறக்கும் கட்டுப்பாடுகள்) வேலை செய்யும் என்பதுதான் அது. ஏழு சேனல் மோட் உள்ள பார் லைட் என்று சாஃப்ட்வேரில் சேர்த்திருப்பீர்கள். அதில் வழக்கமாக முதல் சேனல் டிம்மர் (மொத்த வெளிச்சம்), அடுத்து சிவப்பு, பச்சை, நீலம். லைட்டோ மூன்று சேனல் மோடில் இருக்கும். இப்போது டிம்மரை ஏற்றினால் சிவப்பு எரியும், சிவப்பை ஏற்றினால் பச்சை, பச்சையை ஏற்றினால் நீலம். டிஎம்எக்ஸ் ஒருவழிப் பாதை. திருப்பிப் பேச உதவும் ஆர்டிஎம் வசதி இல்லாத லைட் திருப்பி எதுவும் சொல்லாது. அதனால் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நிறம் ஒரு படி தள்ளி வந்தால் லைட்டின் பின்பக்க மெனுவைப் பாருங்கள்.

அட்ரஸைச் சிக்கனம் பிடிப்பதும் வேண்டாத வேலை. ஒரு யூனிவர்ஸில் (ஒரு டிஎம்எக்ஸ் வரிசை) 512 சேனல்கள். ஏழு சேனல் லைட்டுகளின் தொடக்க எண்ணை 1, 8, 15, 22 என்று நெருக்கி வைப்பதைவிட 1, 11, 21, 31 என்று வைத்தால், இருட்டில் லைட்டை மாற்றும்போது மனக்கணக்கு போட வேண்டாம். நான்கு லைட்டுக்கும் ஒரே அட்ரஸ் கொடுத்தால் நான்கும் ஒரே லைட்டாகத்தான் வேலை செய்யும். எந்தக் குரூப்பாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

வாங்கிய மாடலை வைத்துக் குரூப் பிரிப்பது அடுத்த தவறு. முகத்தில் விழும் முன்பக்க வெளிச்சமும் பின்னாலிருந்து நிறம் அடிப்பதும் ஒரே கம்பெனி பார் லைட்டாக இருக்கலாம், ஆனால் வேலை வேறு. இரண்டையும் சேர்த்துக் குரூப் போட்டால், பாட்டுக்கு சேஸ் ஓடும் நேரத்தில் பாடகரின் முகமும் விட்டுவிட்டு எரியும். கல்லூரி விழாக்களில் அடிக்கடி பார்க்கலாம்.

'எல்லாம்' என்ற குரூப்பில் நிஜமாகவே எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது. அதில் புகை மெஷினும் இருந்து, நீங்கள் எல்லாச் சேனலையும் உச்ச மதிப்பான 255-க்கு ஏற்றினால், மேடை மறைந்துவிடும். தலையைத் திருப்பும் லைட்டான மூவிங் ஹெட்டில், ரீசெட் போன்ற கட்டளைகளுக்கான கன்ட்ரோல் சேனல் அதைவிட மோசம். சில மாடல்களில் குறிப்பிட்ட மதிப்பு சில விநாடி நின்றாலே லைட் ரீசெட் ஆகி, நிகழ்ச்சி நடுவே தலையைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்ற வேண்டியது டிம்மரை மட்டும்.

ஒரே லைட் இரண்டு குரூப்பில் இருப்பது தவறில்லை. எந்த சீன் ஜெயிக்கும் என்பது தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். க்யூஎல்சி பிளஸ்ஸில் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்கள் இயல்பாகவே 'அதிக மதிப்பே செல்லும்' என்ற முறையில் நடக்கும். 'முன்வரிசை சிவப்பு' எரியும்போது 'மொத்தமும் நீலம்' பட்டனைத் தட்டினால், முன்வரிசை நீலமாகாது, மெஜந்தாவாகும். இதை பக் என்று நினைப்பவர்கள் நிறைய. நிற பட்டன்களை ஒரு சோலோ ஃபிரேமுக்குள் போட்டுவிட்டால், ஒன்றைத் தட்டியதும் மற்றது அணைந்துவிடும்.

தரையில் வைத்த மூவிங் ஹெட்டையும் தலைகீழாகத் தொங்குவதையும் ஒரே குரூப்பில் ஆட்டினால் எதிரெதிர்த் திசையில் போகலாம். தனித்தனியாக வைப்பது நல்லது.

பெயர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். 'குரூப் 4' என்பதைவிட 'பின் ட்ரஸ் பார்' எவ்வளவோ மேல், அதுவும் வேறொருவர் உங்கள் ஃபைலை ஓட்டப் போகிறார் என்றால்.

நிகழ்ச்சியன்று ஒரு லைட் பழுதாகி வேறு மாடல் வந்தால், பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள். சீன்களில் அதற்கு எழுதியதெல்லாம் போய்விடும். ஃபிக்ஸ்சர் ரீமேப் என்று ஒரு வசதி அதற்கென்றே இருக்கிறது. லேப்டாப்பே மாறுகிறதா? நீங்களே உருவாக்கிய, லைட்டின் சேனல் விவரங்கள் அடங்கிய டெஃபனிஷன் ஃபைல்களையும் ஷோ ஃபைலோடு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஷோ ஃபைலுக்குள் இருப்பதில்லை.