மிச்ச சோலாரில் வெந்நீர்: அந்தச் சின்ன அம்புக்குறியைப் பாருங்கள்

சென்ற மாதம் கோலாலம்பூர் சிகாம்புட்டிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். கூரையில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தை வெந்நீர் டேங்க்குக்குத் திருப்பும் டைவர்ட்டரை வாங்கி மாட்டியிருக்கிறார். "நேற்றெல்லாம் மழை, அண்ணா. அப்படியும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் கைவைக்க முடியாத சூடு" என்றார் பெருமையோடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2017இல் செந்தூல் வீட்டில் நானும் இதே மகிழ்ச்சியில் இருந்தேன்.

கிளாம்ப்பைத் திருப்பி மாட்டுவது

மீட்டரிலிருந்து வரும் லைவ் வயரைக் கவ்விக்கொண்டு ஒரு கருப்பு வளையம் இருக்கும். அதுதான் கிளாம்ப். மின்சாரம் வீட்டுக்குள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று டைவர்ட்டருக்குச் சொல்வது அது. வளையத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஓர் அம்புக்குறி. சில தயாரிப்புகளில் அது மீட்டரைப் பார்க்க வேண்டும், சிலவற்றில் வீட்டைப் பார்க்க வேண்டும். நான் கையேட்டைப் பிரிக்காமல் மாட்டினேன்.

திசை மாறினால் எல்லாமே தலைகீழ். நண்பகலில் மிச்சம் வெளியே போகும்போது, "வாங்குகிறோம்" என்று எண்ணி டைவர்ட்டர் ஹீட்டரை அணைத்துவிடும். இரவில் மலேசிய மின்நிறுவனமான தெனாகாவின் மின்சாரம் உள்ளே வரும்போது, "மிச்சம் இருக்கிறது" என்று எண்ணி ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். ஹீட்டர் இழுக்க இழுக்க மிச்சம் கூடுவதாகவே அதற்குத் தோன்றும். தெர்மோஸ்டாட் நிறுத்தும்வரை ஓயாது.

100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3.7 யூனிட் வேண்டும். மிஞ்சும் சோலார் மின்சாரத்தைத் தெனாகாவுக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டத்துக்கு நெம் என்று பெயர். அன்றைய நெம் திட்டத்தில் நான் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கு 31 சென் (மலேசியக் காசு). 300 யூனிட்டைத் தாண்டி வாங்கியதற்கு 51.6 சென். பகலில் 31க்குக் கொடுத்து, இரவில் அதையே 51.6க்கு வாங்கிக்கொண்டிருந்தேன், இரண்டு மாதம். குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்ததால் சந்தேகமே எழவில்லை. எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதுதான்: இந்தத் தவறு வெற்றியின் முகத்தோடு வருகிறது.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இரவு எட்டு மணிக்கு மேல், பேட்டரி இல்லாத வீட்டில், தண்ணீர் கெட்டிலைப் போட்டுவிட்டு டைவர்ட்டரின் திரையைப் பாருங்கள். சூரியன் இல்லாத நேரத்தில் மிச்சம் காட்டினால் கிளாம்ப் தலைகீழ். அந்தத் தம்பியின் திரையில் 2 கிலோவாட் மிச்சம் காட்டியது. உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துத் திருப்பி மாட்டச் சொன்னேன்.

மூன்று பேஸ் வீடு என்றால் கிளாம்ப், ஹீட்டர், ஒற்றை பேஸ் சோலார் இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பேஸில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டால் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம்தான் காட்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் வாங்குவது

2021இல் வீடுகளுக்காக வந்த புதிய நெம் திட்டமான நெம் ரக்யாட்டில் இணைந்தவர்களுக்கு வெளியே அனுப்பும் ஒரு யூனிட், வாங்கும் ஒரு யூனிட்டைக் கழித்துவிடும், பத்து ஆண்டுகளுக்கு. அவர்களுக்கு டைவர்ட்டர் மிச்சப்படுத்துவது அநேகமாக எதுவுமில்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஷவரோடு வரும் உடனடி ஹீட்டர்

டேங்க் இல்லை. தேக்க வழியில்லை. டைவர்ட்டருக்கு அங்கே வேலையில்லை.

ஹீட் பம்ப்

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி இது. உள்ளே மோட்டார் இருக்கிறது. டைவர்ட்டரில் மாட்டாதீர்கள்.

மாலை நேரத்தை நம்புவது

ஏப்ரலிலும் அக்டோபரிலும் கோலாலம்பூரில் நான்கு மணிக்கெல்லாம் இடியும் மழையும் வந்துவிடும். துணி துவைப்பதை மாலைக்குத் தள்ளி, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரையிலான வெயிலை டேங்க்குக்கு விடுங்கள்.

சூட்டைக் குறைத்து வைப்பது

மிச்சப்படுத்துவதாக எண்ணித் தெர்மோஸ்டாட்டை 40 டிகிரியில் விடுகிறார்கள். நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா கிருமி பெருக அதுவே உகந்த சூடு. தேக்கும் தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்து வரும்படி கலப்பு வால்வு வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

சொட்டும் வால்வை அடைப்பது

தண்ணீர் சூடாகி விரியும்போது அழுத்த வால்வு சில சொட்டுகள் விடும். தரை நனைகிறது என்று ஒரு வீட்டில் அதற்கு மூடி போட்டிருந்தார்கள். அழுத்தத்துக்கு வேறு வழியே இல்லாத டேங்க் அது, குளியலறைக் கூரைக்கு மேலே. மூடியைக் கழற்றி, வால்விலிருந்து வடிகாலுக்கு ஒரு குழாய் இழுத்த பிறகுதான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.