ஊட்டியிலிருந்து பூட்டானுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

குளிரும் கொண்டை ஊசி வளைவும் நீலகிரிக்காரர்களுக்குப் புதுசு இல்லை. ஊட்டி 2,240 மீட்டர். பூட்டான் தலைநகர் திம்பு அதைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஸ்வெட்டர், குல்லா வீட்டிலேயே கிடக்கும். இழுத்தடிப்பது காகித வேலைதான். அதை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஆதாரை வைத்து உள்ளே போக முடியாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அட்டை வேண்டும். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், கூடவே பெற்றோர். நம் ஆட்களுக்குத் தகராறு இனிஷியலில் வரும். அட்டையில் வெறும் ‘குமார்’, டிக்கெட்டில் ‘ஆர். குமார்’, ஹோட்டல் பதிவில் ‘குமார் ராமன்’ என்றிருந்தால் கவுண்டரில் கேள்வி கேட்பார்கள். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

அடுத்தது பூட்டான் அரசு சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணம். இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பெரியவர் இருவர், எட்டு வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று, ஐந்து இரவு என்றால் 15,000 ரூபாய். அறை வாடகை, வண்டி, சாப்பாடு இதில் சேராது.

மே மாதம் நமக்கே சீசன், கடையைப் பூட்ட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை, சாலையில் மண் சரியும். அக்டோபர் கடைசி, நவம்பர்தான் சரி. வானம் தெளிந்து பனிமலை தெரியும். ஆனால் அப்போது நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. குன்னூர் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தாலே விமானம் போச்சு. முந்தின நாளே கோவைக்கு இறங்கிவிடுங்கள்.

கோவையிலிருந்து மேற்கு வங்கத்தில் உள்ள பாக்டோக்ராவுக்கு விமானம் மாறிப் போகலாம். அங்கிருந்து எல்லையிலுள்ள ஜெய்காவுக்குக் காரில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயில் என்றால் கோவை வழியாகப் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் நியூ ஜல்பைகுரி. இரண்டு நாளுக்கு மேல் ஆகும், முதுகு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் புந்த்ஷோலிங். அங்கே தரும் அனுமதி திம்பு, பாரோவுக்குத்தான். புனாகா போக திம்புவில் தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் திம்புவில் தங்கும் நாளில் ஒன்றாவது அலுவலகம் திறக்கும் வேலைநாளாக இருக்கட்டும்.

பாரோவிலிருந்து விமானத்தில் திரும்புவதாக இருந்தால் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். மலை இடுக்கில் கண்ணால் பார்த்து இறக்கும் நிலையம் அது. மேகம் மூடினால் விமானம் வராது.

பாரோ பக்கம் செங்குத்துப் பாறையில் இருக்கும் தக்‌ஷாங் புத்த மடத்துக்கு ஏறும் பாதை கிட்டத்தட்ட தொட்டபெட்டா உயரத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து இன்னும் 500 மீட்டர் ஏற வேண்டும். ஊட்டிக்காரர் என்ற தெம்பில் பாரோ போன மறுநாளே கிளம்பாதீர்கள், கடைசி நாளுக்கு வையுங்கள்.

நம் ரூபாயும் அவர்கள் நுல்ட்ரமும் ஒரே மதிப்பு. ரூபாயை அங்கே வாங்குவார்கள். மிஞ்சிய நுல்ட்ரம் சேரிங் கிராஸில் டீக்குக்கூட ஆகாது. ஜெய்காவ் திரும்புமுன் செலவழித்துவிடுங்கள்.