சாப்பிடாத ராயல் பைத்தானும் எலித் தலையின் சூடும்

ஒன்பது வாரம் என் பாம்பு எதையும் தின்னவில்லை. பிரிட்டனில் நாங்கள் ராயல் பைத்தான் என்று சொல்லும் இந்தச் சிறிய மலைப்பாம்பு அமெரிக்கர்களுக்கு பால் (ball) பைத்தான். பயந்தால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். இதை வாட்ஸ்அப்பில் எழுதியபோது ஊரிலிருந்து அம்மா, "பால் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். பாம்பு பால் குடிக்காது அம்மா.

எங்கள் வீட்டில் அதன் பெயர் உருண்டை.

கூண்டு தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வெப்பப்பக்கம் 31–32 டிகிரி, குளிர்பக்கம் 25–26. வெப்பப்பாயைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தாதீர்கள், பாம்பின் வயிறு வெந்துவிடும்.

முதல் படி: தொடாதீர்கள்

வாங்கி வந்து இரண்டு வாரம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். நான் தினமும் மூன்று முறை மூடியைத் திறந்து நலம் விசாரித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பிராணிக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பாம்பு ஒளிந்துகொள்ள ஒளிவிடம் இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரச வேண்டும். கடையில் விற்கும் பாறைக் குகைகள் நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். நான் கவிழ்த்து வைத்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் உருண்டை அன்றிரவே குடியேறிவிட்டது.

இரண்டாம் படி: எலி

உறையவைத்த எலியே போதும். உயிருள்ள எலி பாம்பைத் திருப்பிக் கடித்துக் குதறிவிடும், அதற்கு நான் பரம விரோதி. எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பைத் தாண்டக் கூடாது. முதல் நாள் இரவே பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் எலி வெந்து வெடிக்கும். மறுநாள் பையோடு வெந்நீரில் அரை மணி நேரம். கொதிநீர் கூடாது, கை பொறுக்கும் சூடு போதும்.

நான் கோட்டைவிட்டது இதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தில். எலியைத் துடைத்து, மாடியேறி, விளக்கை அணைத்து, இடுக்கியைத் தேடி, கூண்டைத் திறப்பேன். ஒருநாள் சந்தேகம் வந்து அகச்சிவப்பு வெப்பமானியை எலியின் மூக்கில் காட்டினேன்: 27 டிகிரி. கூண்டின் தரையும் கிட்டத்தட்ட அதே 27. இந்தப் பாம்பின் மேலுதட்டில் வரிசையாக வெப்பக்குழிகள் உண்டு. இருட்டில் இரையின் சூட்டை அவற்றால்தான் உணர்கிறது. நான் வாரந்தோறும் நீட்டியது அதற்கு ஒரு கூழாங்கல்.

அதன் பிறகு கூண்டருகிலேயே ஹேர் டிரையர் வைத்துக்கொண்டேன். நீட்டுவதற்குச் சற்று முன் எலியின் தலையில் மட்டும் அரை நிமிடம் காட்டி, 38 டிகிரிக்குக் கொண்டுவருவேன். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் பாம்பு பாயும். தலையைக் கவ்வினால் விழுங்குவதும் எளிது.

இடுக்கி முப்பது சென்டிமீட்டராவது இருக்கட்டும், முனையில் ரப்பர் உள்ளதாக வாங்குங்கள். இரவு விளக்கை அணைத்த பின், எலியின் இடுப்பைப் பிடித்து ஒளிவிடத்தின் வாயருகே மெல்ல நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். பத்தாவது வாரம் உருண்டை நாக்கை நீட்டி மூன்று முறை முகர்ந்தது, நான்காவதில் எலி என் இடுக்கியில் இல்லை. விழுங்கி முடிக்கும்வரை சிலையாக நின்றேன்.

பாம்பு கவ்வாவிட்டால் எலியை ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு வெளியேறுங்கள். காலையில் கிடந்தால் குப்பைக்கு, மறுபடி உறையவைக்காதீர்கள்.

மூன்றாம் படி: தூக்குதல்

தின்ற பின் 48 மணி நேரம் கை வைக்காதீர்கள். கையில் எலி வாசனை இருந்தால் கடி நிச்சயம், எனவே தூக்கும் முன் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமிக்காகத் தூக்கிய பின்னும் கழுவுங்கள். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து. பக்கவாட்டில் இரு கையாலும் நடு உடம்பைத் தாங்குங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். பந்தாகிவிட்டால் கையை அசைக்காமல் காத்திருங்கள். கண் பால்நிறமாக மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது. அப்போது தூக்க வேண்டாம், தீனியும் வேண்டாம்.

பின்சேர்க்கை

தின்ற மறுநாளே தூக்கியதில் பாம்பு இரையைக் கக்கிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு வாரம் சும்மா விட்டு, சிறிய எலியாகக் கொடுங்கள். மறுபடி கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

கோவையிலிருந்து ஒருவர் சாரைப்பாம்பு வளர்க்கலாமா என்று கேட்டார். கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வளர்ந்த பாம்பு குளிர்காலத்தில் மூன்று மாதம் தின்னாமல் இருப்பதும் உண்டு. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். உருண்டை அந்த ஒன்பது வாரத்தில் 410 கிராமிலிருந்து 385க்குத்தான் இறங்கியிருந்தது. சமையலறைத் தராசே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். பாம்புக்குத் தனித் தராசு வாங்கிவிடுங்கள். என் மனைவியின் உத்தரவு.