லண்டன் மீட்டரும் செம்பூர் சர்க்கரையும்

லண்டனிலிருந்து மும்பை செம்பூருக்கு டிக்கெட் போட்டதுமே மாமா போன் செய்வார்: "வர்றப்ப அங்கேருந்து நல்ல சுகர் மீட்டரா ஒண்ணு வாங்கிட்டு வா. இங்க உள்ளது எதுவும் சரியாக் காட்டறதில்ல." வாங்கிப் போகாதீர்கள். நான் போன வருஷம் வாங்கிப் போனேன்.

பிரிட்டனில் விற்கும் மீட்டர் சர்க்கரையை மில்லிமோல் என்ற அலகில் காட்டும். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. 18-ஆல் பெருக்கினால்தான் நம் ஊர் எண் வரும். அம்மாவின் விரலைக் குத்தி, ஸ்ட்ரிப் செருகக் கற்றுக்கொடுத்த எனக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. திரையில் 14.2 என்று வந்ததை அம்மா 142 என்று படித்துக்கொண்டாள். ஐந்து மாதம், ஞாயிறு தவறாமல், "சாப்பிட்டப்புறம் நூத்தி நாப்பத்திரெண்டுதான்டா" என்றாள். நானும் நிம்மதியாகப் போனை வைத்தேன். உண்மையில் அது 256.

இந்தத் தடவை போனபோது இரவில் நாலு முறை எழுந்து பாத்ரூம் போனாள். வயசு என்றாள். செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. மாமா சொன்ன டாக்டரிடம் டோக்கன் 41. உள்ளே கூப்பிடும்போது மணி ஒன்பதரை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.6 சதவீதம், ரொம்ப அதிகம். அம்மாவின் நோட்டில் 138, 142, 151. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் எழுதியிருக்கிறாள் என்றே நினைத்திருப்பார். அம்மா பையிலிருந்து மீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "லண்டன்லேருந்து இவன் வாங்கிட்டு வந்தது" என்றாள், அத்தனை பெருமையாக.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரிட்டன் ரிப்போர்ட்டில் அந்தச் சராசரி 53 என்றிருந்தால் இங்கே அது 7 சதவீதம். ஓரத்தில் எழுதி வையுங்கள். இந்தியாவில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் டோஸ் இரண்டரை மடங்கு ஏறும், அல்லது பாதிக்கும் கீழே போகும். தைராய்டு மாத்திரை போட்டு அரை மணியாவது காபி கூடாது. உறவினர் வீட்டில் இதைச் சாதிப்பது உங்கள் சாமர்த்தியம். தைராய்டு, பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) தொல்லை என்றால் 'டயபடாலஜிஸ்ட்' (சர்க்கரை டாக்டர்) போர்டு போதாது, எண்டோகிரினாலஜியில், அதாவது ஹார்மோன் மருத்துவத்தில், டி.எம். என்ற மேற்பட்டம் படித்தவரா என்று பாருங்கள். மும்பை பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே உண்டு. கேஸ் பேப்பர் (நோயாளிப் பதிவுச் சீட்டு) எடுக்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

தெருமுனை மெடிக்கலில் புது மீட்டர் வாங்கினோம். பழையதைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசில்லை, ஷோகேஸில் இருக்கிறது. இப்போது திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் அவள் கட்டைவிரல்தான் வருகிறது.