நாசிக்கில் ஒயின் திராட்சை: எந்த இரகத்தை நடுவது?

நாசிக்கில் ஒயின் திராட்சை பயிரிட எண்ணுபவர், இரகத்தை முடிவுசெய்யும் முன்னரே ஒயின் ஆலை ஒன்றுடன் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஏனெனில், விதை நிறைந்த இச்சிறு பழங்கள் உண்ணும் திராட்சைச் சந்தையில் எளிதில் விலைபோவதில்லை. வெள்ளை ஒயினுக்குச் செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் ஆகியவையும், சிவப்புக்கு ஷிராஸ், கேபர்நே சாவிஞான் ஆகியவையும் அங்கு நிலைபெற்றவை. முதன்முறை நடுபவருக்குச் செனின் பிளாங்கையே பரிந்துரைப்பேன். வெப்பத்திலும் புளிப்பைப் பெரிதும் இழக்காமல் நல்ல விளைச்சல் தருவது அது. மண்ணையும் நீரையும் ஆய்வுசெய்து, உப்பையோ வறட்சியையோ தாங்கவல்ல வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை வாங்குக. ஏப்ரலில் ஒருமுறையும், மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறையும் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்யலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானம் ஏறக்குறைய இராது. தூண், கம்பி, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கான முதலீடோ தொடக்கத்திலேயே தேவைப்படும்.