வீட்டில் ஸ்டவுட் ஐஸ்கிரீம்: எங்கே தவறுகிறது?

வறுத்த பார்லியில் செய்யும் கறுப்பு பீரான ஸ்டவுட் சேர்த்த ஐஸ்கிரீம் சரியாக அமையாவிட்டால் பலரும் பழியை ஆல்கஹால் மேல் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய குற்றவாளி தண்ணீர்தான். கின்னஸ் டிராட் போன்ற ஐரிஷ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். 400 மில்லி எடுத்தால் அதில் ஆல்கஹால் 17 மில்லி. தண்ணீரோ 350 மில்லிக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் ஃப்ரீசரில் பனிக்கட்டியாகி, பல்லில் நறநறவென்று படும். பீரைச் சுண்டக் காய்ச்சாமல் அப்படியே பாலில் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இலங்கையின் லயன் ஸ்டவுட் போன்ற வலுவான வகைகளில் மட்டும் ஆல்கஹாலும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். அதில் 8.8 சதவீதம். 400 மில்லியைப் பச்சையாகச் சேர்த்தால் 35 மில்லி ஆல்கஹால் உள்ளே போகிறது. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கெட்டியாகாமல் தொளதொளவென்றே கிடக்கும்.

சுமார் 900 மில்லி கலவைக்கு ஒத்துவரும் அளவு இது: ஸ்டவுட் 400 மில்லி, 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 300 மில்லி, கொழுப்பு நீக்காத பால் 300 மில்லி, முட்டை மஞ்சள் கரு 5, சர்க்கரை 140 கிராம், உப்பு கால் டீஸ்பூன். பீரில் 30 மில்லியைத் தனியே எடுத்து மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மீதியைக் காய்ச்ச வேண்டும்.

காய்ச்சுவதில்தான் அவசரம் கெடுக்கும். சிறிய பாத்திரத்தில் ஊற்றினால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். 2 லிட்டருக்குக் குறையாத, அகலமான பாத்திரம் வேண்டும். கால் மணி நேரம் ஆறவிட்டு நுரை அடங்கிய பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். தீ மிதமாக, ஓரத்தில் மட்டும் குமிழி வரும் அளவில் இருந்தால் போதும். எவ்வளவு வற்றியது என்று கண்ணால் அளப்பதை நம்ப வேண்டாம். வெறும் பாத்திரத்தை முதலிலேயே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 100 கிராமுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள். பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்து அரை மணி நேரம் வரை ஆகலாம். கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பாகு பதத்துக்குப் போய் அடிபிடித்தால் தீய்ந்த வாடை ஏறிவிடும். அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அதை மறைக்க முடியாது.

கசப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சுண்டினால் கசப்பு பெருகும் என்று பயந்து பாதியில் இறக்கிவிடுகிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு ஆவியாகிப் போகாது என்பது உண்மை. ஆனால் சுண்டிய சாறு முழுவதும் அதே 900 மில்லி கலவையில்தான் கரைகிறது. ஆகவே ஐஸ்கிரீமின் கசப்பைத் தீர்மானிப்பது மொத்தம் எவ்வளவு பீர் எடுத்தோம் என்பதுதான். பாதியில் இறக்கினால் கசப்பு அதே அளவில் இருக்கும், தண்ணீர் மட்டும் கூடும். கசப்பு குறைய வேண்டுமா, 300 மில்லி பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது இனிப்பான ஸ்டவுட்டைத் தேர்ந்தெடுங்கள். ஹாப்ஸ் மணம் தூக்கலாக உள்ள வகைகள் இந்த வேலைக்கு ஆகாது.

மில்க் ஸ்டவுட் வாங்கினால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்த்திருப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்னாது என்பதால் இனிப்பு அப்படியே நிற்கும். கெட்டியாக வரட்டும் என்று அதோடு பால் பவுடரையும் தாராளமாகப் போட்டால், லாக்டோஸ் மிகுந்து, சில நாளில் நாக்கில் மணல் போலத் தட்டுப்படும். மில்க் ஸ்டவுட் என்றால் பால் பவுடரைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

க்ரீம் விஷயத்தில் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் வரும் அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அதையே 300 மில்லி ஊற்றினால் கொழுப்பு போதாது. 400 மில்லி க்ரீமும் 200 மில்லி பாலுமாக மாற்றிக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். கேக் கடைகளில் கிடைக்கும், தாவர எண்ணெயில் செய்த விப்பிங் க்ரீம் வேண்டவே வேண்டாம். அதன் இனிப்பும் வெனிலா வாசனையும் ஸ்டவுட்டின் வறுபட்ட மணத்தை அமுக்கிவிடும்.

அடுத்து பால் திரிவது. வறுத்த பார்லியால் ஸ்டவுட்டுக்கு இயல்பிலேயே புளிப்பு உண்டு, சுண்டினால் அது செறிந்துவிடும். அந்தச் சாற்றைக் கொதிக்கும் பாலில் ஊற்றினால், எலுமிச்சை பிழிந்ததுபோல் பால் திரிய வாய்ப்பு அதிகம். முதலில் கஸ்டர்டைத் தனியே முடியுங்கள். மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு மூன்றையும் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். 82 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்க வேண்டும். 85-ஐத் தாண்டினால் முட்டைப் பொரியல்தான். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கரண்டியின் முதுகில் படிந்த கஸ்டர்டில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கலையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. உடனே குளிர்ந்த க்ரீமுக்குள் வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி வையுங்கள். கஸ்டர்டும் ஸ்டவுட் சாறும் இரண்டும் நன்றாக ஆறிய பிறகே ஒன்று சேர வேண்டும்.

இந்த நிலையில் சுவைத்துப் பார்த்தால் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதைக் கண்டு அடுத்த முறை சர்க்கரையைக் குறைக்காதீர்கள். உறைந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். தவிர, ஐஸ்கிரீம் கல்லாகாமல் காப்பதும் சர்க்கரைதான்.

கலவையை ஃப்ரிட்ஜில் குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் வையுங்கள். கடையும் இயந்திரத்தின் கிண்ணத்தையும் 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். குலுக்கினால் கிண்ணத்தின் சுவருக்குள் அடைத்திருக்கும் திரவம் சலசலக்கக் கூடாது. வெயில் காலத்தில் இந்த இரண்டில் ஒன்றைச் சுருக்கினாலும் கலவை மெதுவாக உறையும், பனிப் படிகங்கள் பெரிதாகும். கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். தனியே எடுத்து வைத்த 30 மில்லி பீரை, நுரை போன பிறகு, கடைவதற்குச் சற்று முன் சேருங்கள். காய்ச்சும்போது பறந்துபோன வாசனையை மீட்பது இந்த இரண்டு மேசைக்கரண்டிதான். பொதுவாக 20 முதல் 25 நிமிடத்தில், கலவை, கடைகளில் கோனில் பிழிந்து தரும் மென்மையான ஐஸ்கிரீம் பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் கெட்டியாகட்டும் என்று ஓட விட்டால் வெண்ணெய் திரண்டுவிடும்.

சுண்டக் காய்ச்சினாலும் ஆல்கஹால் முழுவதும் போய்விடாது. கடைசியில் சேர்ப்பதோ பச்சை பீர். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. விருந்தினர்களிடமும் கிண்ணத்தை நீட்டுமுன் சொல்லிவிடுங்கள்.

தட்டையான டப்பாவில் மாற்றி, மேற்பரப்பில் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் விரித்து மூடி, ஃப்ரீசரின் பின்பக்கம் வையுங்கள், கதவோரம் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. மின்வெட்டில் உருகிப்போனதை அப்படியே மறுபடி உறைய வைத்தால் கட்டி கட்டியான ஐஸ்தான் மிஞ்சும். இன்னும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி குறையாமல் இருந்தால் அன்றைக்கே மீண்டும் கடைந்து எடுக்கலாம். வெதுவெதுப்பாகிவிட்டது என்றால், முட்டை சேர்ந்த பண்டம் என்பதால், கொட்டிவிடுங்கள்.